தவம் செய்யும் பூனையும் இரும்புக் கையும்

(செங்கற்பட்டு வாசகசாலை ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு, அச்சுக்காக ஓரளவு திருத்தப்பெற்றது)



முப்பது வருஷ காலம் சித்திர வாத்தியாராகச் சுண்ணக்கட்டியோடு மல்லுக்கட்டி ஓய்ந்த ஒருவனை அழைத்து, சித்திரக்கதைகளைத் திரைப்படமாக்கும் கலையைப் பற்றிப் பேசு என்று இவ்வாசகசாலையார் கட்டளையிட்டபோது, முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஏனெனில், நான் மாணவனாக இருந்த நாளில், பூகோளப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்த ஒரு சித்திரக்கதையை ஆசிரியர் ஒருவர் கைப்பற்றி, அதை நடுவில் இரண்டாகக் கிழித்து ஜன்னலுக்கு வெளியே எறிந்ததோடு, அதைப் பிடித்திருந்த கைக்கும் தக்க சன்மானம் அளித்தார். மணி அடித்ததும் ஓடிப்போய்த் தேடியதில் முற்பாதி வேலியோரம் கிடைத்தது. பிற்பாதியைக் காற்று கொண்டுபோய்விட்டது. கதாநாயகன் மின்சாரக் கம்பியை நோக்கிக் கையை நீட்டுகிற இடத்தில் கதை அறுந்து நின்றது. அதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்பதை நோட்டுப் புத்தகத்தின் கடைசித் தாள்களில் பலவிதமாக வரைந்து வரைந்து பார்த்ததே நான் சித்திரம் கற்றுக்கொண்ட வரலாறு. ஆகவே, அந்த ஆசிரியர் எனக்குச் செய்தது தீமையா உபகாரமா என்று இன்றுவரை என்னால் நிச்சயிக்க முடியவில்லை.

சித்திரக்கதை என்று நான் மரியாதையாகச் சொன்னாலும், குழந்தைகள் வாயில் ‘காமிக்ஸ்’ என்னும் சொல் எப்போதோ தமிழாகிவிட்டபடியால், இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வேன். பண்டிதர்கள் பொறுத்தருள வேண்டும். நான் பேச விரும்பும் பொருளும் மிகப் பெரியதன்று. தாளில் அசையாமல் நிற்கிற ஒரு சித்திரத்தை, வெள்ளித்திரையில் அசையவைத்து, அதையும் இளைஞர்களும் சிறுவர்களும் கண்கொட்டாமல் பார்க்கும்படி அலங்காரமாகச் செய்ய முற்படும்போது, எதை அசைக்கலாம், எதை அசையாமல் விடவேண்டும் என்பது மட்டுமே அது. இந்தக் கேள்விக்கு விடை தேடி நான் ஹாலிவுட்டுக்குப் போகவில்லை. நம்மூர்ப் பேருந்து நிலையத்தில் ஏறி, கழுகுகள் வருவதை நிறுத்திவிட்ட திருக்கழுக்குன்றத்தைக் கடந்து, ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடவோ குறையவோ பிரயாணம் செய்தால் சேரக்கூடிய மாமல்லபுரத்துக்குத்தான் போனேன்.

அங்கே ஏறத்தாழ 100 அடி நீளத்துக்கு விரிந்து கிடக்கும் பெரும் பாறைச் சிற்பத்தை அறியாதவர் இச்சபையில் இரார். அது அர்ஜுனன் பாசுபதாஸ்திரம் வேண்டிச் செய்த தவமா, பகீரதன் கங்கையைப் பூமிக்கு இறக்கிய வரலாறா என்னும் வழக்கு, அறிஞர்களிடையே தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது, இன்னும் நடக்கட்டும். சித்திர வாத்தியாரின் கண் முதலில் போய் நிற்பது பாறையின் நடுவே மேலிருந்து கீழாக இயற்கை உண்டாக்கி வைத்திருந்த பிளவின்மேல். சாதாரணச் சிற்பியாக இருந்தால் அந்தப் பிளவை ஒரு குறையென்று கருதி, வேறு பாறை தேடிப் போயிருப்பான், அல்லது அதை மறைக்க வழி தேடியிருப்பான். இந்தச் சிற்பியோ, யானைகளையும் தேவர்களையும் கின்னரர்களையும் வேடர்களையும் நூற்றுக்கு மேற்பட்ட உருவங்களாக இருபுறமும் செதுக்கி, அத்தனை பேரையும் அந்தப் பிளவை நோக்கித் திருப்பி நிறுத்திவிட்டு, பிளவுக்குள் நாகராஜனையும் நாக கன்னிகையையும் நீரில் எழும்பி வருவோராக அமைத்து, நீரை மட்டும் செதுக்காமல் விட்டுவிட்டான். பாறையின் உச்சியில் நீர் தேக்குவதற்குச் செய்திருந்த ஏற்பாட்டின் அடையாளங்கள் உள்ளன. விசேஷ நாட்களில் அங்கிருந்து நீரை இறக்கிவிட்டிருந்தால், அசையாத கல்லுக்கு நடுவே அசையும் கங்கை ஓடியிருக்கும். நாகங்கள் உண்மையாகவே நீந்துவதுபோல மின்னியிருக்கும். திரைப்படம் என்னும் வித்தை பிறப்பதற்கு ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, ஒரு பல்லவச் சிற்பி, அசையவேண்டிய ஒன்றை மட்டும் அசையவிட்டு மற்றவற்றை அசைவின் விளிம்பில் நிறுத்திக் காட்டிவிட்டான் என்று நான் சொன்னால் அது மிகையாகாது என்று நம்புகிறேன்.

இனி அந்தப் பூனையைப் பற்றிச் சொல்லவேண்டும். முன்வரிசைக் குழந்தைகள் இதற்காகவே காத்திருக்கிறார்கள் போலும்! பாறையின் இடப்புறத்தில், மேலே, எலும்பும் நரம்பும் தெரிய, ஒற்றைக் காலில் நின்று, இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி ஒரு தபஸ்வி நிற்கிறார். அவர் பக்கத்தில் சிவபெருமான் வரங்கொடுக்கும் பாவனையில் காட்சி தருகிறார். வலப்புறத்தில், கீழே, பெரிய யானையின் தந்தத்தின் அருகே, ஒரு பூனை பின்னங்கால்களில் எழுந்து நின்று, அதேபோல முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் புரிகிறது. அதைச் சுற்றிலும் எலிகள். மகாபாரதத்து உத்தியோக பர்வத்தில், துரியோதனன் உலூகன் வாயிலாகப் பாண்டவர்க்குச் சொல்லியனுப்பும் கடுஞ்சொற்களுக்கிடையே, கங்கைக் கரையில் கையுயர்த்தித் தவசியாக நடித்து எலிகளை ஏமாற்றித் தின்ற பூனையின் கதை வருகிறது. அந்தப் பூனைதான் இங்கே கல்லில் ஏறிக்கொண்டது என்பர். கதை தெரியாத குழந்தைகூட அந்த இடத்தில் சிரிக்கிறது. என் மாணவர்களை வருஷந்தோறும் அழைத்துச் சென்று பரீட்சித்துப் பார்த்தவன் சொல்கிறேன். ஆனால் பரிகாசத்துக்கு வேண்டிய ஒரு ரகசியம் அங்கே இருக்கிறது: மேலே நிற்கும் முனிவரைச் சிற்பி பூரண சிரத்தையோடு செதுக்கியிருக்கிறான். அந்த விலா எலும்புகளில் பொய் இல்லை. அதனால்தான் கீழே நிற்கும் பொய்த் தபஸ்வி நமக்கு வேடிக்கையாகிறான். இந்த முனிவரையும் பூனையையும் உங்கள் மனத்தில் ஒருபுறமாக வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் திரும்பக் கேட்பேன்.

மாமல்லபுரத்திலேயே மகிஷமர்த்தினி குகைக்கு வாருங்கள். துர்க்கை எருமைத் தலையின்மேல் வெற்றியோடு நிற்கும் உருவங்கள் அதே ஊரில் வேறிடங்களில் இருக்கின்றன; அங்கே யுத்தம் முடிந்துவிட்டது, பார்ப்பவன் கைகூப்புவதைத் தவிரச் செய்வதற்கு ஒன்றுமில்லை. இந்தக் குகையிலோ, எட்டுக் கரங்களோடு சிங்கத்தின்மேல் அமர்ந்து வில்லை வளைத்து அம்பிகை முன்னேறுகிறாள். எருமைத் தலையும் மனித உடலுமாகக் கதையேந்திய அசுரன் இன்னும் விழவில்லை, ஆனால் அவன் உடல் பின்னோக்கிச் சாய்ந்துவிட்டது. அடுத்த கணம் என்ன என்பதைக் கல் சொல்லவில்லை. பார்ப்பவன் நெஞ்சு சொல்லிக்கொள்கிறது. எதிர்ச் சுவரில் அனந்தசயனத்தில் மகாவிஷ்ணு அரிதுயில் கொள்கிறார். ஒரு சுவரில் பிரளயம் போன்ற வேகம், மறுசுவரில் சமுத்திரம் உறங்குவது போன்ற சாந்தி. இரண்டையும் இணைக்கிறவன் நடுவே நின்று தலையைத் திருப்புகிற பார்வையாளனே. வராக மண்டபத்துத் திரிவிக்கிரமர் சிற்பத்தில், பெருமான் வானளாவிக் காலைத் தூக்கியிருக்க, ஆகாயத்தில் ஒருவன் கைகால்களை விரித்துக்கொண்டு தலைகீழாக விழுந்துகொண்டிருக்கிறான். அவன் பதின்மூன்று நூற்றாண்டாக விழுந்துகொண்டே இருக்கிறான், இன்னும் தரையைத் தொடவில்லை. காமிக்ஸ் கட்டம் என்பது இதுவல்லாமல் வேறென்ன? மாமல்லனுடைய தந்தையாகிய மகேந்திரவர்மன் தனக்குச் சூட்டிக்கொண்ட விருதுப் பெயர்களுள் ஒன்று சித்திரகாரப்புலி என்பது. ராஜ்யம் ஆண்டவன் ஓவியனென்று அழைக்கப்படுவதில் பெருமை கண்ட மண் இது. பரிகாசமும் அவனுக்குக் கைவந்தது என்பதற்கு அவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனமே சாட்சி.

கல்லிலிருந்து காகிதத்துக்கு வருவோம். 1972-ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் என்னும் வெளியீடு புறப்பட்டது. அதன் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. ‘வேலியண்ட்’ என்னும் ஆங்கிலச் சிறுவர் வாரப் பத்திரிகையில் 1962-இல் தொடங்கிய தொடர்கதை அது. ஸ்பெயின் தேசத்து ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கைவண்ணம். விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட சோதனைச்சாலை உதவியாளன் லூயிஸ் கிராண்டேல், மின்சாரம் பாய்ந்ததும் உடல் முழுவதும் கண்ணுக்கு மறைந்துவிடுகிறான். இரும்புக் கை மட்டும் மறைவதில்லை. இதைப் பிளாஸ்கோ எப்படி வரைந்தார் என்று பாருங்கள்: கறுப்பு மசியில் ஓர் அறை, ஒரு மேஜை, ஒரு விளக்கு, அதன் ஒளியில் அந்தரத்தில் மிதக்கும் ஒற்றைக் கை. ஆளை அவர் வரையவில்லை. வரையாத ஆளைத் தோள் முதல் கால் வரை நாங்களே வரைந்துகொண்டோம். அவன் எங்கே நிற்கிறான், எப்படிக் குனிகிறான், எந்தப் பக்கம் திரும்புகிறான் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிந்திருந்தது. செங்கற்பட்டில் படித்த பையனும் தூத்துக்குடியில் படித்த பையனும் இரண்டு வெவ்வேறு மாயாவிகளைக் கண்டிருப்பார்கள். பாறையின் பிளவில் சிற்பி விட்டுவைத்த இடம் காகிதத்திலும் இருந்தது என்பதே என் கட்சி.

1984-இல் அதே சிவகாசி அச்சகத்தாரிடமிருந்து லயன் காமிக்ஸ் வந்தது. அதன்பின் டெக்ஸ் வில்லரும் கேப்டன் டைகரும் லக்கி லூக்கும், இத்தாலியிலும் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் வரையப்பெற்ற குதிரைவீரர்கள், செவ்வனே தமிழ் பேசிக்கொண்டு, கரிசல் காட்டு வெயிலும் அரிசோனாப் பாலைவனமும் ஒன்றேயென்று நம்பும்படி எங்கள் பிள்ளைகளின் தலையணைக்கடியில் குடியேறினார்கள். கௌபாய் என்பவன் தமிழனுக்கு அந்நியன் என்று யாரும் நினைக்கவேண்டாம். முத்து காமிக்ஸ் பிறந்த காலத்திலேயே, ஒளிப்பதிவில் வல்லவரான கர்ணன் ‘காலம் வெல்லும்’, ‘கங்கா’ என்று குதிரையும் துப்பாக்கியும் தொப்பியுமாகப் படங்கள் எடுத்து, ஜெய்சங்கரைத் தமிழ்நாட்டுக் கௌபாயாகப் பிரதிஷ்டை செய்திருந்தார்.

இவ்விரண்டு வெள்ளமும் ஒன்றாய்ச் சேர்ந்த இடம், 2010-இல் சிம்புதேவன் இயக்கி வெளிவந்த ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’. சிம்புதேவன் பத்திரிகையில் கார்ட்டூன் வரைந்து பழகியவர். 2006-இல் ‘இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி’யில் வடிவேலுவை ராஜாவாக்கிக் கோமாளிச் சித்திரங்களின் உலகத்தைத் திரைக்குக் கொணர்ந்தவர். அவருடைய கௌபாய்ப் படம் ஒரு குறிப்பிட்ட காமிக்ஸின் தழுவல் அன்று. ஒரு தலைமுறைச் சிறுவர்களின் காமிக்ஸ் வாசிப்பு முழுவதன் தழுவல் என்று சொல்லலாம். கதை நிகழும் ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்று பெயர். ராகவா லாரன்ஸ் இரட்டை வேடத்தில் வருகிறார்: காணாமற்போன வீரன் ஒருவன், தூக்கு மேடையிலிருந்து தப்புவிக்கப்பட்டு அவ்வீரனாக நடிக்கும்படி நியமிக்கப்படும் சிறு திருடன் ஒருவன். நாசர் ஏற்ற வில்லனுக்குக் கிழக்குக்கட்டை என்று பெயர். கிளின்ட் ஈஸ்ட்வுட் என்னும் பெயரின் பிற்பகுதியைத் தமிழ்ப்படுத்தினால் என்ன வரும் என்று யோசித்தவர்கள் அரங்கத்தில் சிரித்தார்கள், யோசிக்காதவர்கள் பக்கத்து இருக்கையாரைக் கேட்டுச் சிரித்தார்கள். மரவீடுகளும் புழுதித் தெருவும் தோல் அங்கியும் அகன்ற தொப்பியுமாக, சிவகாசி அட்டைப் படத்தைப் பெரிதாக்கித் தொங்கவிட்டாற்போன்ற ஒரு லோகம் கண்முன் விரிந்தபோது, என் அருகில் அமர்ந்திருந்த நாற்பது வயதுக்காரர் ஒருவர் சிறு பிள்ளையைப்போல நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் கண்டேன்.

ஆயினும் அவருடன் வந்திருந்த பையன் இடைவேளைக்கு முன்பே பாப்கார்னில் கவனத்தைச் செலுத்திவிட்டான் என்பதையும் சத்தியமாகச் சொல்லவேண்டும். அதற்குக் காரணம் யாதென்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். படத்தின் அலங்காரத்தில் குறை இல்லை. அன்பிலும் குறை இல்லை. நான் சற்றுமுன் உங்களிடம் கொடுத்துவைத்த முனிவரையும் பூனையையும் இப்போது எடுங்கள். ‘இரும்புக்கோட்டை’யில் பூனைகள் அநேகம், ஒவ்வொன்றும் அழகாகச் செதுக்கப்பட்ட பூனை. ஆனால் மேலே முனிவர் இல்லை. கௌபாயை முழு மனத்தோடு நம்பிய நாற்பது வயதுக்காரரின் நெஞ்சில் அந்த முனிவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தபடியால் அவருக்குப் பூனை வேடிக்கையாயிற்று. டெக்ஸ் வில்லரையோ ஜெய்சங்கரையோ கண்டறியாத பையனுக்கு, நம்புவதற்கு முன்பே பரிகாசம் செய்யச் சொல்லிக்கொடுத்தால் அவன் என்ன செய்வான்? பூனை ஏன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று கேட்பான். பிறகு பாப்கார்னுக்குத் திரும்புவான்.

இந்த இடத்தில் வயோதிகர்களுக்கே உரிய அதிகாரத்தோடு பழங்காலத்துக்குப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1947-இல் அம்புலிமாமாவைத் தொடங்கிய நாகி ரெட்டியும் சக்ரபாணியுமே விஜயா நிறுவனத்தின் பெயரால் 1957-இல் ‘மாயா பஜார்’ படத்தைத் தயாரித்தவர்கள். மாதந்தோறும் பக்கத்துக்குப் பக்கம் ராக்ஷசர்களையும் ராஜகுமாரிகளையும் வரைவித்து அச்சிட்ட வீட்டுக்காரர்கள், கே.வி. ரெட்டியின் இயக்கத்திலும் மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவிலும் அதே ராக்ஷசர்களைத் திரையில் எழுப்பினார்கள். ரங்காராவின் கடோத்கஜன் கல்யாணச் சாப்பாட்டின் எதிரில் உட்காரும் காட்சியில், பலகாரங்கள் தாமாகவே எழும்பி அவன் வாய்க்குள் போவதைக் கண்டு சிரிக்காத குழந்தை எங்கள் காலத்தில் பிறக்கவில்லை. அங்கே வேடிக்கை உண்டு, வேண்டிய அளவு உண்டு. ஆனால் கடோத்கஜன் மெய்யாகவே மாயாவி என்பதில் இயக்குநருக்கும் நடிகருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் எள்ளளவும் ஐயம் இல்லை. முனிவர் நின்றார், பூனையும் நின்றது.

கடல் கடந்த தேசங்களில் இவ்வித்தை எவ்வாறு நடந்திருக்கிறதென்று இரண்டொரு உதாரணம் பார்ப்போம். செஸ்டர் கூல்ட் 1931-இல் தொடங்கிய துப்பறியும் தொடர்சித்திரமாகிய ‘டிக் டிரேசி’யை, வாரன் பீட்டி 1990-இல் படமாக்கியபோது, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மலிவு வர்ணங்களை நினைவூட்டுவதற்காக, ஏழே ஏழு வர்ணங்களுக்கு மேல் திரையில் வரக்கூடாதென்று விரதம் எடுத்துக்கொண்டார். சிவப்பென்றால் எங்கும் அதே சிவப்பு, மஞ்சளென்றால் அதே மஞ்சள். மசியும் காகிதமும் மலிவாயிருந்தமையால் விளைந்த வறுமையை, கோடிக்கணக்கான டாலர் செலவில் மறுபடியும் உண்டாக்கினார்கள்! கண்ணுக்கு அது விருந்து. ஆனால் கதை அந்த வர்ணங்களுக்குள் பொம்மையாகவே நின்றுவிட்டது என்பது என் அபிப்பிராயம். ஜப்பானிய மங்கா ஒன்றிலிருந்து வாச்சௌஸ்கி உடன்பிறப்புகள் 2008-இல் எடுத்த ‘ஸ்பீட் ரேசர்’ படத்தில், அருகிலுள்ளதும் தூரத்திலுள்ளதும் ஒரே கூர்மையோடு தெரியும்படி அடுக்கடுக்காக ஒட்டினார்கள். சித்திரத்தில் அப்படித்தானே இருக்கும் என்பது அவர்கள் வாதம். வாதம் சரியே, எனினும், தாளில் கண் தன் இஷ்டப்படி தங்கிப் போகிறது, திரையிலோ எல்லாமே ஒரே சமயத்தில் ஓடுகின்றன. என் கண் ஓரிடத்தில் தங்கப்போனபோதெல்லாம் அந்தக் கார் அங்கிருந்து போய்விட்டிருந்தது. வியாபாரத்திலும் அந்தப் படம் எழும்பவில்லை.

ஸ்பீல்பெர்க் 2011-இல் எடுத்த ‘டின்டின்’ இன்னொரு விதமான பாடம். ஹெர்ஷே என்னும் பெல்ஜிய ஓவியர் டின்டினுடைய முகத்துக்கு இரண்டு புள்ளியும் ஒரு வளைவும்தான் வைத்தார். சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரே சீரான கோடு. நிழல் இல்லை, உரோமம் இல்லை. அந்த வெற்று முகத்துக்குள் எந்தத் தேசத்துப் பையனும் புகுந்துகொள்ளலாம். திரையிலோ நடிகர்களின் அசைவைக் கருவிகளால் பிடித்து, தோலுக்குத் துவாரமும் கேசத்துக்கு இழையும் கொடுத்தார்கள். வித்தை பிரமாதம். ஆனால் அந்த முகம் ஒருவருடைய முகமாகிவிட்டது. பையன் வெளியே நிற்கவேண்டியதாயிற்று. மாமல்லபுரத்துத் தெருக்களில் உளிச்சத்தம் கேட்டபடி நடந்தால், கல்லின்மேல் முதலில் காவியால் கோடு போட்டுக்கொள்கிற சிற்பியைக் காணலாம். உளி இறங்க இறங்க அந்தக் காவிக் கோடு அழிந்துபோகும். அழியத்தான் வேண்டும், ஆனால் கோட்டில் இருந்த உயிர் கல்லுக்குள் இறங்கியிருந்தால் மட்டுமே அந்த அழிவுக்கு நியாயம் உண்டு. இன்னொரு செய்தியும் சொல்கிறேன்: அந்தப் பெரும்பாறைச் சிற்பத்தின் விஷயத்தையே எடுத்துக்கொண்டு தொடங்கி, முடிக்காமல் விட்ட இரண்டாவது பாறை ஒன்று அதே ஊரில் இருக்கிறது. அதே கதை, அதே காலத்துக் கைகள். ஆனால் அது எழவில்லை. பெரும்பாலான பிரயாணிகள் அதைப் பாராமலே பேருந்து ஏறிவிடுகிறார்கள். நானோ படம் எடுக்க ஆசைப்படும் பிள்ளைகளை முதலில் அங்கேதான் நிறுத்துவேன்.

2018-இல் வந்த ‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ என்னும் சித்திரப் படத்தைப் பேரன் கட்டாயத்தின்பேரில் பார்க்கப் போனேன், பிறகு தனியாக இரண்டு தடவை போனேன். ஸ்பைடர்-மேன் பிறந்ததும் நம் இரும்புக்கைக்காரன் பிறந்த அதே 1962-ஆம் வருஷம். அச்சுப் புள்ளிகள், எண்ணங்களை எழுதிய மஞ்சள் கட்டங்கள், ஓசைகளை எழுத்தாக்கித் தெறிக்கவிடுதல் எல்லாம் அதில் உண்டு. தூரத்துப் பொருளை மங்கலாக்க வேண்டிய இடத்தில், வர்ணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகி அச்சானாற்போலக் காட்டுகிறார்கள். அச்சாபீஸில் மிஷின்காரர் ‘கலர் சேரலை’ என்று தலையில் அடித்துக்கொள்வாரே, அந்தத் தவறு! நம் வாரப் பத்திரிகை அட்டையில் கதாநாயகியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விட்டதென்று நாம் பரிகசித்த பிழையை அவர்கள் ஆபரணமாக்கிக்கொண்டார்கள். அதைவிட நுட்பம் ஒன்று உண்டு. சாதாரணமாக ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. வித்தை கைவராத சிறுவன் மைல்ஸுக்கு மட்டும், காட்டுக்குள் தாவிச் செல்லும் காட்சியில், இரண்டு படத்துக்கு ஒரு சித்திரமாக, நொடிக்கு 12 மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அவன் அருகே பறக்கும் அனுபவசாலிக்கு 24. காரணம் தெரியாமலே, பையன் தட்டுத்தடுமாறுகிறான் என்று நம் கண் உணர்ந்துகொள்கிறது. அலங்காரம் என்பது அங்கே ஒட்டிவைத்த ஜிகினாவாக இல்லை. அந்தப் பையனின் கூச்சமே அலங்காரமாகிவிட்டது. அதே படத்தில் ஸ்பைடர் வேஷம் போட்ட ஒரு பன்றியும் வருகிறது; அரங்கமே சிரிக்கிறது. சிரிக்கமுடிகிறது, ஏனெனில் மைல்ஸ் தன் தகப்பனார் கதவுக்கு வெளியே நின்று பேசும்போது பதில் சொல்ல முடியாமல் உள்ளே கட்டுண்டிருக்கும் காட்சி முழுச் சிரத்தையோடு செதுக்கப்பட்டிருக்கிறது. முனிவரும் பூனையும் மறுபடி ஒரே பாறையில்!

நம்மவர்கள் இவ்வழியில் நடக்கவேயில்லை என்று சொல்லமாட்டேன். 2023-இல் மடோன் அஸ்வின் இயக்கிய ‘மாவீரன்’ படத்தின் நாயகன், பத்திரிகைக்குத் தொடர்சித்திரம் வரையும் பயந்த சுபாவமுள்ள ஓவியன். தான் வரைந்த வீரனுடைய கதையைச் சொல்லும் குரல், அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் அவன் காதில் ஒலித்து, அவனை வேண்டாத வீரத்துக்கு இழுக்கிறது. வரைபவனுக்கும் வரையப்பட்டவனுக்கும் நடக்கும் இந்த வழக்கை ஒரு நல்ல தந்திரமாகவே கருதுகிறேன். சித்திரத்தின் சாயலை அந்தப் படம் அதிகம் தேடவில்லை; சித்திரக்காரனின் தாழ்வு மனப்பான்மையைத் தேடியது. சிவகார்த்திகேயன் அதில் சிரிக்க வைத்ததைவிட விழித்தது எனக்குப் பிடித்தது.

‘இரும்புக்கை மாயாவி’ என்னும் பெயரிலேயே ஒரு படம் எடுக்கவேண்டுமென்ற ஆசையை இயக்குநர் லோகேஷ் கனகராஜ் வெளியிட்டிருப்பதாகப் பத்திரிகைகளில் படித்திருக்கிறேன். அவர் மனத்தில் உள்ள கதை எதுவோ, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் நாங்கள் படித்த மாயாவியை யாராவது என்றைக்காவது திரையில் எழுப்புவதாக இருந்தால், ஒரு பழைய வாசகனின் விண்ணப்பமாக இதைச் சமர்ப்பிக்கிறேன். மின்சாரம் பாய்ந்து அவன் மறையும்போது, உடல் பளிங்காகி, பளிங்கு புகையாகி, புகைக்குள் நரம்பெல்லாம் நீல நெருப்பாக ஓடுவதுபோலக் கணிப்பொறிக்காரர்கள் ஜால வேலை செய்து தருவார்கள். அது அவர்கள் ஜீவனம். இயக்குநர் அவர்களுக்குரிய ஊதியத்தைக் கொடுத்துவிட்டு அந்தக் காட்சியை எடுத்து வைத்துவிட வேண்டும். ஒரு மேஜை, ஒரு விளக்கு, அந்தரத்தில் ஒரு கை. அந்தக் கை ஒரு கோப்பையைத் தூக்கட்டும். தூக்கிய கோப்பை வாயிருக்கும் உயரத்தில் சற்றே தயங்கி நிற்கட்டும். மற்றதை முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். நான் சொல்வதில் நம்பிக்கை இல்லாதவர்கள் இவர்களுடைய நோட்டுப் புத்தகங்களின் கடைசித் தாளைத் திருப்பிப் பார்க்கலாம், ஆசிரியர்கள் மன்னிக்கவேண்டும்.

அக்கிராசனர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நாளை ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குப் பேருந்து நிலையத்தில், மாமல்லபுரம் வண்டி நிற்கும் இடத்தில், நான் இருப்பேன். வர விரும்பும் குழந்தைகள் பெற்றோரோடு வரலாம். பென்சில், ரப்பர், அட்டை, குடிக்கத் தண்ணீர் கொண்டுவர வேண்டும். கைப்பேசியில் படம் பிடிப்பது பிற்பகல்தான். வெயில் ஏறுமுன் பாறைக்கு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொருவரும் ஒரே ஓர் உருவத்தை வரையப்போகிறோம். பூனை வேண்டுமென்று இப்போதே ஏழெட்டுக் கைகள் எழுந்துவிட்டன. சரி, பூனையையே வரையுங்கள். ஆனால் அதற்குமுன் மேலே நிற்பவருடைய விலா எலும்புகளை எண்ணி என்னிடம் சொல்லவேண்டும்.